புதிய பிரிட்ஜ் கிளப்புக்கு 4 மேசை செட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நாமே செய்துகொள்ளலாம்

பிரிட்ஜ் என்பது இரண்டு ஜோடிகள் ஏலம் கேட்டு ஆடும் சீட்டாட்டம். அதற்குக் கிளப் தொடங்க நினைப்பவர்களுக்கென்றே 4 மேசைக்கான டூப்ளிகேட் செட் (ஒரே சீட்டை எல்லா மேசையிலும் ஆடவைக்கும் போட்டிக்கான சாமான்) விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் 16 போர்டு (நான்கு பேரின் சீட்டையும் தனித்தனியாக வைக்கும் தட்டு), 16 சீட்டுக்கட்டு, 16 பிட்டிங் பாக்ஸ் (ஏலம் கேட்கும் அட்டைகள் உள்ள பெட்டி), ஒரு கற்றை ஸ்கோர் தாள், கூடவே சின்னதாக ஒரு கையேடு. யார் தயாரித்தாலும் சாமான்கள் பெரும்பாலும் இவைதான், தரம்தான் வேறுபடும். இறக்குமதிச் செலவைப் பொறுத்து விலை ஏறி இறங்குவதால் அதை இங்கே எழுதவில்லை. செட்டை நாங்கள் எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்து: புதிதாக வரும் எட்டு ஜோடிகள் நேர்மையாக ஆடுவதை இது எளிதாக்குகிறதா?

போர்டிலிருந்து ஆரம்பிக்கலாம். வீட்டில் ஆடும் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தவர் ஜெயிப்பார். டூப்ளிகேட்டில் நான்கு கைகளும் போர்டின் நான்கு பைகளில் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அதே சீட்டை வைத்து மற்றவர்கள் எடுத்ததைவிட நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. ஆகவே போர்டு ஒழுங்காக இல்லையென்றால் போட்டியே இல்லை. முதலில் அச்சைச் சரிபாருங்கள். டீலர் (ஏலத்தைத் தொடங்குபவர்) 1ஆம் போர்டில் வடக்கு, பிறகு கிழக்கு, தெற்கு, மேற்கு என்று சுற்றி வரவேண்டும். யாரும் வல்னரபிள் (பரிசுப் புள்ளியும் தண்டனைப் புள்ளியும் கூடும் நிலை) இல்லாதவை 1, 8, 11, 14. இரு பக்கமும் வல்னரபிள் 4, 7, 10, 13. வடக்கு-தெற்கு மட்டும் 2, 5, 12, 15. கிழக்கு-மேற்கு மட்டும் 3, 6, 9, 16. மலிவான செட்டுகளில் இதை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். ஒரு ஸ்டிக்கர் இடம் மாறினாலும் 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் 9 டிரிக், அதாவது 9 பிடி) ஆடி எடுத்தவருக்கு 600 வரவேண்டிய இடத்தில் 400தான் எழுதப்படும். அச்சோடு வார்க்கப்பட்ட போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பையின் ஆழத்தையும் கவனிக்க வேண்டும். 13 சீட்டை உள்ளே வைத்துப் போர்டைத் தலைகீழாகப் பிடித்தால் சீட்டு கீழே விழக்கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் சிக்காமல் வரவும் வேண்டும். சீட்டின் அகலம் இங்கேதான் முக்கியமாகிறது. பிரிட்ஜ் சீட்டு 57 மி.மீ. அகலம், 89 மி.மீ. உயரம். போக்கர் சீட்டு அதே உயரம்தான், ஆனால் சுமார் 63 மி.மீ. அகலம், பையில் திணித்தால் ஓரம் மடங்கும். 13 அகலச் சீட்டை விசிறிபோல விரித்துப் பிடிக்க வயதானவர்களும் பிள்ளைகளும் சிரமப்படுவார்கள். கட்டு தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

சீட்டு காகிதமா பிளாஸ்டிக்கா என்றால், சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது முழுப் பிளாஸ்டிக்கே வாங்குங்கள். காகிதச் சீட்டு ஈரக்காற்றில் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருவர் 12 சீட்டு, இன்னொருவர் 14 சீட்டு என்று பைக்குள் போய்விட்டால் அடுத்த மேசையில் அந்தப் போர்டே பாழ். கையை எடுத்தவுடன் முகம் பார்க்காமல், கவிழ்த்தபடியே 13 எண்ணுங்கள் என்று பிரிட்ஜ் விதிப் புத்தகத்தின் விதி 7 சொல்வது இதற்காகத்தான். ஆடி முடித்ததும் அவரவர் தம் 13 சீட்டைக் கலைத்துவிட்டுப் பையில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் போன வரிசை அப்படியே அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்.

பின்புற அச்சு மேலும் கீழும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் படம் உள்ள சீட்டைத் தலைகீழாக வைத்தே ஒருவர் தம் பார்ட்னருக்குச் சைகை காட்டிவிட முடியும். புதியவர்கள் செய்யமாட்டார்கள்தான், ஆனால் சந்தேகத்துக்கே இடம் வைக்காத சீட்டு கிடைக்கும்போது வேறு எதற்கு?

பிட்டிங் பாக்ஸ்தான் இந்தச் செட்டின் உயிர். 1 கிளப்பில் தொடங்கி 7 நோ டிரம்ப் வரை 35 பிட் சீட்டுகள், பச்சை நிறத்தில் பாஸ், சிவப்பில் டபுள், நீலத்தில் ரீடபுள், கூடவே ஸ்டாப் (ஏலத்தில் படி தாண்டப்போவதைக் காட்ட), அலர்ட் (ஒரு பிட்டுக்குத் தனிப் பொருள் உண்டு என்று காட்ட). 1960களில் ஸ்வீடனில் உருவானது. வாயால் ஏலம் கேட்கும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும். "ரெண்டு ஹார்ட்" என்று தயங்கிச் சொல்வதும் "ரெண்டு ஹார்ட்!" என்று அடித்துச் சொல்வதும் பார்ட்னருக்கு இரண்டு வேறு செய்திகள். 304, இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேள்வி கேட்கும் தொனியிலேயே பாதி கை வெளிச்சமாகிவிடும். அட்டையை எடுத்து வைத்தால் தொனியே கிடையாது. பக்கத்து மேசைக்காரர் காதில் விழவும் விழாது.

பெட்டியில் பிட் சீட்டுகளின் அடுக்கைச் சோதித்துப் பாருங்கள். 2 ஹார்ட் எடுக்கப்போனால் அதற்குக் கீழே உள்ள 1 கிளப் முதல் 2 டைமண்ட் வரை எல்லாம் ஒரே கொத்தாகச் சேர்ந்து வரவேண்டும். மேலே தெரிவது 2 ஹார்ட் மட்டும். திரும்ப வைக்கும்போதும் கொத்தாகவே போகும், வரிசை குலையாது. பிட் சீட்டில் விரலால் பிடிக்கும் காதுப் பகுதி மெல்லிசாக இருந்தால் முதலில் கிழிவது 1 கிளப்பும் பாஸும். விளக்கில் பளபளக்கும் மேற்பூச்சைவிட மங்கலான பூச்சு கண்ணுக்கு நல்லது. 16 பெட்டி என்பது 4 மேசைக்குக் கச்சிதமான கணக்கு, உதிரியே இல்லை. 2 பெட்டியும் சில பாஸ் சீட்டுகளும் கூடுதலாக ஆர்டர் செய்துவிடுங்கள்.

கொக்கி வைத்து மேசை விளிம்பில் மாட்டும் வகையும் உண்டு, தானாக நிற்கும் வகையும் உண்டு. மாட்டும் வகை மேசைமேல் இடத்தை அடைக்காது. ஆனால் அதன் கொக்கி மடக்கும் சீட்டு மேசையின் மெல்லிய விளிம்புக்கு அளவெடுத்துச் செய்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தடித்த பலகையில் வலுக்கட்டாயமாக மாட்டினால் சீக்கிரமே உடைந்துவிடும். எந்த மேசையில் ஆடப்போகிறீர்கள் என்று முதலில் அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இடதுகைக்காரர்களுக்குத் திருப்பி மாட்ட முடிகிறதா என்றும் கேளுங்கள்.

இத்தனை நல்ல சாமானோடு வரும் கையேடுதான் ஏமாற்றம். ஸ்கோர் பட்டியல் இருக்கிறது, ஜோடிகள் மேசை மாறும் முறை ஒரு பக்கம் இருக்கிறது. மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நான்கு வரிகூட இல்லை. பிட்டிங் பாக்ஸ் குரலைத்தான் அடக்கும். விரலையும் நேரத்தையும் அடக்காது. பாஸ் சீட்டைத் தொட்டு, விட்டு, டபுளை நோக்கிப் போய், மறுபடி பாஸை எடுத்தால் அது வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம். முதலில் முடிவு, பிறகுதான் பெட்டிக்குக் கை: முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கம் இது.

யோசிப்பது தப்பு என்று புதியவர்கள் பயந்துவிடுகிறார்கள். தப்பே இல்லை. அந்த யோசனையை வைத்துப் பார்ட்னர் ஆதாயம் தேடுவதுதான் தப்பு. ஓர் உதாரணம்: நீங்கள் 1 ஹார்ட், இடப்பக்கத்தவர் 1 ஸ்பேடு, பார்ட்னர் 2 ஹார்ட், வலப்பக்கத்தவர் 2 ஸ்பேடு. நீங்கள் வெகுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ். அடுத்தவரும் பாஸ். இப்போது பார்ட்னரிடம் 7 பாயிண்டும் (பெரிய சீட்டுகளின் மதிப்பு) மூன்று ஹார்ட்டும் இருக்கின்றன. நீங்கள் யோசித்ததிலிருந்து உங்கள் கையில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையில் பாஸ் சொல்வதும் நியாயமான வழி என்றால் அவர் 3 ஹார்ட் போகக்கூடாது என்கிறது விதி 16. போய் ஜெயித்தாலும் டைரக்டர் (போட்டியின் நடுவர்) அந்தப் போர்டை 2 ஸ்பேடுக்குத் திருப்பிவிடலாம். யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லும் தீர்ப்பு இல்லை இது; சேதத்தைச் சரிசெய்வது, அவ்வளவுதான். டைரக்டரைக் கூப்பிடுவதும் அப்படியே. கையை உயர்த்தி, "டைரக்டர், ப்ளீஸ்" என்று சாதாரணக் குரலில் கூப்பிடப் பழக்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும். பழைய ஆட்டக்காரர் ஒருவர் புதியவரிடம் நேரடியாக விதி பேசி மடக்குவதைப் போல ஒரு கிளப்பைக் காலிசெய்வது வேறெதுவும் இல்லை.

தவறான சீட்டு கையோடு வந்துவிட்டால்? 1 ஸ்பேடு எடுக்க நினைத்து விரல் வழுக்கி 1 நோ டிரம்ப் வந்தால், தெரிந்த உடனே, பார்ட்னர் ஏலம் கேட்பதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம் (விதி 25). மனசு மாறி மாற்ற முடியாது. அலர்ட் சீட்டு பிட் செய்தவருடையதல்ல, அவருடைய பார்ட்னர் காட்டவேண்டியது. கேட்டால்தான் விளக்கவேண்டும், அதுவும் உங்கள் இருவருக்குள் உள்ள உடன்பாட்டை மட்டும். பார்ட்னர் தப்பாக விளக்கிவிட்டார் என்று வையுங்கள். டிக்ளேரர் (ஏலத்தை வென்று ஆடுபவர்) பக்கமானால் முதல் சீட்டு இறங்குவதற்கு முன் டைரக்டரை அழைத்துத் திருத்தவேண்டும். எதிர்த்து ஆடும் பக்கமானால் ஆட்டம் முடியும்வரை வாயே திறக்கக்கூடாது. ஸ்டாப் சீட்டுக்கு ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. இங்கிலாந்தில் அடுத்தவர் சுமார் 10 விநாடி காத்திருப்பார். அமெரிக்கச் சங்கமான ஏசிபிஎல் 2019 முதல் ஸ்டாப் சீட்டையே கைவிட்டுவிட்டது. உங்கள் கிளப் எது என்று முதல் நாளே முடிவுசெய்து எழுதி ஒட்டுங்கள். 2017 விதிப் புத்தகம் உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 7, 16, 20, 25, 73, 74 விதிகளை அச்செடுத்துப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

போர்டு மேசையின் நடுவில், அசையாமல், ஆட்டம் முடியும்வரை கிடக்கவேண்டும். அற்ப விஷயம்போலத் தெரியும். 2015இல் ஓர் இஸ்ரேலிய ஜோடி, ஏலம் முடிந்ததும் போர்டை மேசையில் எந்த இடத்தில் வைப்பது என்பதையே சைகையாக்கி, எந்த நிறத்தை (ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளப்) இறக்கவேண்டும் என்று சொன்னது வெளிப்பட்டது. நார்வே ஆட்டக்காரர் போயே புரோகலாண்ட் அதை அம்பலப்படுத்தினார். 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில்தான் பார்ட்னர்களுக்கு நடுவே திரை வைத்தார்கள். அப்போதும் ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் காலால் தட்டியதாகப் புகார் எழ, நடுவே காபி மேசைகளைப் போட்டு அடைத்தார்கள். சாமான் ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டையை அடைக்கிறது, அடுத்த ஓட்டையை மனிதர்தான் அடைக்கவேண்டும்.

ஸ்கோர் தாளிலும் ஒரு குறை. போர்டோடு பயணிக்கும் தாளை மடித்து வைக்கும்படி கோடு போடவில்லை. முந்தைய மேசையில் 6 ஸ்பேடு எடுத்தார்கள் என்று ஏலத்துக்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் போர்டு கெட்டது. இரண்டாக மடித்து, போர்டு எண் மட்டும் வெளியே தெரிய வையுங்கள். வடக்கு எழுதவேண்டும், கிழக்கு அல்லது மேற்கு சரிபார்க்கவேண்டும். முடிந்த போர்டைப் பற்றி உரக்கப் பேசவும் கூடாது, அடுத்த மேசை இன்னும் அதை ஆடவில்லை.

8 ஜோடிக்கு ஹவல் முறையில் (ஜோடிகள் மேசை மாறி ஆடும் ஒரு முறை) 7 சுற்று, சுற்றுக்கு 2 போர்டு என்று 14 போர்டு. மீதி 2 உதிரி. பழகியவர்கள் ஒரு போர்டுக்கு ஏழரை நிமிடம் எடுப்பார்கள். புதியவர்களுக்குப் பத்து கொடுங்கள், 2 மணி 20 நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு ஜோடியும் மற்ற எல்லா ஜோடியோடும் ஒருமுறை ஆடிவிடும். போர்டுக்கு 4 முடிவுகள். நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமானால் 1 என்று போட்டால் உச்சம் 6. எந்த ஜோடி எங்கே போகவேண்டும் என்று காட்டும் மேசை அட்டை செட்டில் இல்லை. ஓர் ஏ4 தாளை நாலாக வெட்டி நாமே எழுதிவிடலாம். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பிட்டிங் பாக்ஸைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. மினிபிரிட்ஜ் (ஏலம் இல்லாத எளிய வடிவம்) ஆடட்டும்: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்று எண்ணி ஒவ்வொருவரும் தம் பாயிண்டைச் சொல்வார்கள் (மொத்தம் 40). அதிகம் வைத்திருக்கும் பக்கத்தில் அதிகம் உள்ளவர் டிக்ளேரர். பார்ட்னரின் சீட்டைப் பார்த்துவிட்டு எந்த நிறம் துருப்பு, கேமா (பெரிய பரிசுப் புள்ளி உள்ள இலக்கு) பார்ட் ஸ்கோரா (அதற்குக் குறைந்த இலக்கு) என்று அவரே முடிவுசெய்வார். ஏலம் இல்லாமலே டம்மியும் (மேசையில் விரித்து வைக்கும் பார்ட்னரின் சீட்டு) டிரிக்கும் பழகிவிடும். பிறகு பெட்டியைக் கொடுத்தால் அது எதற்கு என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்காது.

பள்ளி, கல்லூரியில் இந்தச் செட்டோடு போய் நின்றால் "சீட்டாட்டமா?" என்ற கேள்வி வரும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியதைச் சொல்லுங்கள். ஆனால் அதைவிட வேலை செய்வது செய்து காட்டுவதுதான். ஒரே போர்டை நான்கு மேசையிலும் ஆடவிட்டு நான்கு முடிவையும் கரும்பலகையில் எழுதுங்கள். சீட்டு ஒன்றே, முடிவு நான்கு. பெற்றோர் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

கையில் காசு குறைவென்றால் போர்டும் பிளாஸ்டிக் சீட்டும் முதலில், பிட்டிங் பாக்ஸ் மூன்றாவது வாரத்துக்குள். பாக்ஸை மட்டும் தள்ளிப்போட்டு வாயால் ஏலம் கேட்டுச் சமாளிக்கலாம் என்று பல மாதம் ஓட்டாதீர்கள். தொனியில் செய்தி சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கடினம். மழைக்காலத்தில் கட்டுகளைப் போர்டிலேயே விட்டுவிடாமல், இறுக்கமாக மூடும் டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.