முதல் பங்களிப்பு: ஹோம்ப்ரூவா, டெபியனா?

திறந்த மூல மென்பொருளை மற்றவர்கள் எளிதாக நிறுவும்படி தொகுத்துத் தரும் வேலைக்குப் புதிதா? சீக்கிரம் கைவைத்துப் பழக வேண்டுமென்றால், மேக், லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூதான். 2009இல் தொடங்கிய இதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ரூபி நிரல்மொழியில் எழுதிய ஒரு சின்னக் கோப்பு. புதுப் பதிப்பு வந்தால் பெரும்பாலும் அதிலுள்ள பதிவிறக்க முகவரியையும், இறங்கிய கோப்பு சரியானதுதானா என்று பார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீட்டையும் மாற்றினால் போதும். 'ப்ரூ பம்ப்-ஃபார்முலா-பிஆர்' கட்டளை அதையும் செய்து, மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையான புல் ரெக்வஸ்ட்டும் அனுப்பிவிடும். அப்புறம் தானியங்கிச் சோதனை, பராமரிப்பாளரின் ஒப்புதல்.

1993இல் பிறந்த டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் வேறு ரகம். ஒரு மென்பொருளுக்கே கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் என்று தனித்தனிக் கோப்புகள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் எந்த உரிமத்தில் வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும். இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடிக்கும். பதிவேற்ற உரிமை இல்லாத புதியவருக்கு வேலையைப் பார்த்துப் பதிவேற்றித் தரும் ஸ்பான்சர் ஒருவர் கிடைக்க வேண்டும், காத்திருக்க நேரலாம். ஆனால் அங்கே சேரும் தொகுப்பு பெரும்பாலும் டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவுக்கும் போய்விடும். ஒரே மென்பொருளை வருடக்கணக்கில் பராமரிக்க மனமிருந்தால் டெபியனுக்கே போங்கள்.