மூன்று வருடமாக எங்கள் ஆலையில் ஓடும் சுவிச்சும் அந்தச் 'சேவ்' பட்டனும்

மல்லாவியில் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் நேற்றிரவு வட்ஸ்அப்பில் கேட்டார்: "தம்பி, நீங்கள் மில்லுக்குப் போட்ட 24 போர்ட் சுவிச் விலை இறங்கியிருக்காம். எடுக்கலாமோ?" ஒரு வரியில் பதில் வரவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பரந்தனுக்குக் கிட்ட இருக்கிற அரிசி ஆலை எங்களுடையது. கொம்பியூட்டர், கமரா வயர்களை எல்லாம் ஒன்றாக இணைக்கிற அந்தச் சுவிச்சை 2022 கடைசியில் அங்கே பூட்டினோம். கமராக்கள், அலுவலகம், வாகனத் தராசடிக் கொம்பியூட்டர், வேலையாட்களின் வைஃபை எல்லாம் அந்தப் பெட்டியில்தான். ஒரே சுவிச்சுக்குள் ஒன்றையொன்று காணாதபடி பிரித்து வைக்கிற வலையமைப்புத்தான் வீலான். கணக்கு வேலை வீலான் 10, கமராக்கள் வீலான் 30. பிரித்து வைத்ததில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

என் கோபம் முழுக்க ஒரு பட்டனில். கொம்பியூட்டரில் திறக்கிற சுவிச்சின் அமைப்புப் பக்கத்தின் அடியில் 'அப்ளை' என்று இருக்கும். அதை அமத்தினால் மாற்றம் அந்த நிமிடமே வேலை செய்யும். படம் வரும், பிரிண்டர் அடிக்கும், எல்லாம் சரி என்று எழும்பிப் போய்விடுவோம். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் சுவிச் வாசிப்பது வேறொரு கோப்பை. அதில் எழுத வேண்டுமென்றால் மேலே வலது மூலையில் உளுந்தளவில் ஒரு படம் இருக்கிறது, அதையும் அமத்த வேண்டும். சேமிக்கவில்லை என்று ஒரு சொல் சொல்லாது. வெளியே வரும்போதும் கேட்காது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்றார்களே, அந்த நாள். பெரும்போக அறுவடை நேரம். ஜெனரேட்டரைப் பிடிப்பதற்குள் யூபிஎஸ் பற்றரி படுத்துவிட்டது. தராசடிக் கொம்பியூட்டரை ஜனவரியில்தான் வீலான் 10க்கு மாற்றியிருந்தேன், சேமித்திருக்கவில்லை. சுவிச் திரும்ப எழும்பியதும் அந்தப் போர்ட் பழையபடி வீலான் 1க்குப் போய்விட்டது. தராசில் நிறை காட்டுகிறது, அலுவலகத்தில் பில் அடிக்க முடியவில்லை. போர்ட்டில் பச்சை லைட் எரிகிறபடியால் வயரில்தான் பிழை என்று முக்கால் மணித்தியாலம் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். நெல் மூட்டையோடு உழவு இயந்திரங்கள் றோட்டுவரை நிற்கின்றன. தர்மபுரத்திலிருந்து விடியவே வந்து நின்ற ஐயா ஒருவர், "கொப்பியிலை எழுதித் தாங்கோ தம்பி, நான் போகவேணும்" என்றார். எழுதித்தான் கொடுத்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டு கோப்பாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பூட்டிய முதல் மாதம், சுவிச்சின் முகவரி 192.168.0.1 எங்கள் ரவுட்டரின் முகவரியோடு முட்டுகிறது என்று மாற்றப்போனேன். கூடவே நிர்வாக வீலானையும் (அமைப்புப் பக்கத்தைத் திறக்கிற வழி) மாற்ற, உள்ளே போக வழியே இல்லாமல் போனது. பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன், பழைய அமைப்போடு எழும்பி வந்தது. றீசெட் துளைக்குள் ஊசி குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யும் வேலை மிச்சம். ஆகவே பிரித்து வைத்தது பிழையில்லை. சேமிக்கவில்லை என்று சொல்லாமல் இருப்பதுதான் பிழை.

சந்தோசப்பட்ட நாளும் உண்டு. போன வருடம் உமிக் கொட்டில் பக்கத்துக் கமரா அடியோடு நின்றது. மேசையில் இருந்தபடியே சுவிச்சின் பக்கத்தில் கேபிள் டெஸ்ட்டை அமத்தினேன். இரண்டு சோடிக் கம்பி 62 மீற்றரில் அறுந்திருக்கிறது என்று காட்டியது. ரேப் பிடித்து அளந்துகொண்டு கூரைக்குக் கீழே போனால், சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகம் (இரண்டு கையும் விரித்த அளவு) தள்ளி அணில் கடித்த இடம். நீல உறை தூள்தூளாகக் கொட்டிக் கிடக்கிறது, உள்ளே செம்பு மினுங்குகிறது. வயர் முழுவதையும் இறக்கித் தேடியிருந்தால் ஒரு நாள் போயிருக்கும். கமரா இறுகி நின்றாலும் அந்தப் போர்ட் வயராலேயே கமராவுக்குப் போகிற கரண்டை இங்கிருந்தே நிறுத்திப் போடலாம், ஏணி தேவையில்லை. அதற்காக இந்தப் பெட்டிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் ஐப்பசி இடியில் சுவிச்சின் பவர் சப்ளை எரிந்து, கிளிநொச்சியில் திருத்தி எடுத்துவந்து போன கிழமை பூட்டினோம். எல்லாம் ஓடியது. மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன், ஓகஸ்டில் மருமகன் சேர்த்த இரண்டு கமராவும் பதிவில் இல்லை. அவனும் அப்ளையை அமத்திவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். அவன் கவனமான பிள்ளை. மூன்று இரவு களஞ்சியப் பக்கம் பதிவே இல்லை.

அண்ணை, நீங்கள் கேட்டதற்குப் பதில்: எடுக்காதையுங்கோ. சேமிக்காமல் விட்டால் மினுங்கி மினுங்கிக் காட்டுகிற சுவிச்சுகள் இருக்குது. விலை கொஞ்சம் கூடினாலும் அதைப் பாருங்கோ.