கூத்துக்களரியின் இரவொளியில் நிக்கோன் டி90

2008ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோன் டி90 கமெரா இப்போது பழைய பொருளாகவே கைமாறுகிறது. பகலில் அது தரும் 12.3 மெகாபிக்சல் படங்கள் இன்றும் அச்சிடத் தகுந்தவை. அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் இதை வாங்க எண்ணுபவர், விடிய விடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தையும் கண்ணகி அம்மன் சடங்கையும் இதனால் எடுக்க முடியுமா என்றே முதலில் கேட்பார். எடுக்கலாம், ஆனால் கமெராவுடன் சேர்த்து விற்கப்பட்ட 18-105 மிமீ வில்லையைக் கொண்டு அல்ல.

அந்த வில்லையை முழுவதும் நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறவாது (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). 35 மிமீ எஃப் 1.8 வில்லையோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 3200 தேவைப்பட்ட இடத்தில் 400ஏ ஏறக்குறையப் போதுமானதாகிவிடுகிறது. தூரத்தை நெருங்கிக் காட்டும் வசதி இதில் இல்லை என்பது உண்மைதான். வட்டக்களரியின் ஓரத்தில் இடம் பிடித்து அமர்பவருக்கு அது பெரிய இழப்பல்ல.

இந்தக் கமெராவின் இயல்பான ஐஎஸ்ஓ எல்லை 200 முதல் 3200 வரை. 1600 வரை தயங்காமல் பயன்படுத்தலாம். 3200இல் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் புள்ளிகள் தெரிந்தாலும் முகம் முகமாகவே இருக்கும். அதற்கும் மேலே தரப்பட்டுள்ள 6400ஐத் தொடாதிருப்பதே நல்லது. புள்ளிகளுக்கு அஞ்சி 800இல் இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் வெளிச்சம் கூட்டுபவர்களே அதிகம். அவ்வாறு கூட்டும்போது நிழற்பகுதிகள் சிதைந்து நிறக்கறை படிகின்றன. அதே காட்சியை 1600இல் போதிய ஒளியுடன் எடுத்திருந்தால் படம் தெளிவாக இருந்திருக்கும். கமெரா திருத்தாமல் சேமிக்கும் மூலப்பதிவான ரோ கோப்பாக எடுத்து வைப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் 2023இல் சேர்க்கப்பட்ட புள்ளிநீக்கும் வசதி இந்தப் பழைய கோப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது.

ஒளியளவைக் கமெராவின் பொறுப்பில் விடக்கூடாது. களரிக்கு அப்பாலுள்ள இருளைக் கணக்கிலெடுத்து அது முகங்களை வெளிறச் செய்யும். சட்டகத்துக்குள் ஒரு மின்விளக்கு வந்துவிட்டாலோ எல்லாவற்றையும் கருக்கிவிடும். எனவே கைமுறைத் தெரிவே ஏற்றது. மலிவான எல்ஈடி விளக்குகள் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிப்பதால், 1/250 விநாடி போன்ற திரை வேகங்களில் படத்துக்குப் படம் ஒளி மாறும், சிலவற்றில் பட்டைகளும் விழும். 1/100இல் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த வேகத்தில் சுழன்றாடும் அரசனின் கரப்புடுப்பு (கூடைபோல் விரிந்த கூத்துடை) கலங்கித்தான் பதிவாகும். தாளம் தீர்ந்து ஆட்டக்காரர் நிற்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கூத்தை அறிந்தவருக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று தெரியும்.

குவிப்புத்தான் டி90இன் உண்மையான பலவீனம். இருக்கும் 11 குவிப்புப் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் உணரும் குறுக்கு வகையைச் சேர்ந்தது என்பதால், மங்கிய ஒளியில் மற்றவை தடுமாறுகின்றன. நடுப்புள்ளியால் ஆடுபவரின் கண்ணில் குவித்த பின்னரே சட்டகத்தை நகர்த்த வேண்டும். குவிப்புக்கு உதவவென எரியும் சிறுவிளக்கை அணைத்து வைப்பது ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் செய்யும் மரியாதை.

வாங்கும்போது வில்லையை ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் கிடந்த வில்லைகளில் பூஞ்சணம் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். இரவில் விளக்கொளி அதில் பட்டுச் சிதறிப் படம் முழுவதும் புகை படிந்ததுபோலாகிவிடும். அப்படிப்பட்டதை அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.