பின்சில்லுக்கு எந்த டயர்? ஒரே காரை மூன்று விளையாட்டுகளில் டிரிஃப்ட் ஓட்டிப் பார்த்தபோது

கார் வழுக்க வேண்டும் என்பதற்காக, பட்டியலில் உள்ளவற்றிலேயே ஆகக் குறைந்த பிடிப்புள்ள டயரைப் பின்சில்லுகளுக்குப் போடுவதுதான் டிரிஃப்ட், அதாவது பின்பகுதியை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டாக வளைவில் ஓட்டும் முறை, பழகத் தொடங்கும் அநேகர் செய்யும் முதல் வேலை. நானும் அதையே செய்தேன். கல்லடியில் என் அறையில், மேசையோடு இறுக்கிப் பூட்டிய லொஜிடெக் ஜி29 என்ற விளையாட்டுச் சுக்கானின் முன்னால் அமர்ந்து, மாரி மழை வெளியே போக விடாத பல இரவுகளை அசெட்டோ கோர்ஸா, கிரான் டூரிஸ்மோ 7, ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆகிய மூன்று காரோட்ட வீடியோ விளையாட்டுகளின் டயர் பட்டியல்களோடு கழித்த பிறகு, அந்த முதல் வேலை பெரும்பாலும் பிழையான வேலை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்த விளையாட்டு அழகானது, எதில் கார்கள் அதிகம் என்பவை இந்த மதிப்பீட்டில் இடம்பெறா. டயர் மட்டுமே இங்கே பேச்சு.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட கார் டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ருவெனோ, அதாவது பலரும் ஏஈ86 என்று அழைக்கும் எண்பதுகளின் கார். மூன்று விளையாட்டுகளிலும் அது கிடைக்கிறது என்பது ஒரு காரணம். ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையும், அக்காலக் கணக்கில் 130 குதிரைவலுவும், பின்சில்லுச் செலுத்துகையும் கொண்ட அந்தக் கார் டயரின் குணத்தை இயந்திர பலத்தால் மூடி மறைக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். நம் பகுதி வீதிகளில் ஓடிய பழைய கொரோலா டீஎக்ஸ் வேகனை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் போக்கு அந்நியமாக இராது. இரண்டும் பின்னாலிருந்து தள்ளும் பழைய கொரோலாக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

டயரைப் பற்றிப் பேசுமுன் ஒரு வளைகோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில்லு பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சறுக்கல் கோணம் என்கிறோம். அந்தக் கோணம் கூடக்கூடப் பக்கவாட்டுப் பிடிப்பும் கூடிக்கொண்டே போய், வீதி டயர்களில் சில பாகைகளிலேயே உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் ஹான்ஸ் பசெய்க்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'மாயச் சூத்திரம்' இந்த வளைகோட்டைக் கணிதத்தில் எழுதும் வழிகளில் ஒன்று. வாகனப் பொறியியலிலும் ஓட்ட விளையாட்டுகளிலும் அதற்கு நெடிய செல்வாக்கு உண்டு. ஆனால் ஆய்வுக்கூட இயந்திரங்களில் டயர்கள் பெரும்பாலும் சிறிய கோணங்களுக்குள்ளேயே அளக்கப்படுகின்றன. டிரிஃப்ட் ஓட்டத்திலோ பின்சில்லு 30, 40 பாகைகளில் கிடந்து உழல்கிறது. அளவீடு முடிந்துபோன அந்தப் பகுதியில் வளைகோடு எப்படி இறங்க வேண்டும் என்பதை விளையாட்டை உருவாக்குபவர்களே தீர்மானிக்க நேர்கிறது. வேகப் போட்டியில் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும் விளையாட்டுகள், டிரிஃப்ட் என்று வந்ததும் வெவ்வேறு உலகங்களைப் போல உணரப்படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வளைகோட்டை நான் படித்து விளங்கிக்கொள்வதற்கு முன்பே, ஆரையம்பதியில் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் மோட்டார் சைக்கிளின் தேய்ந்த பின் டயரை மாற்றாமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாமா என்று கேட்டபோது, "மகன், மொட்ட டயர் வழுக்கும், ஆனா வண்டிய இழுக்காது" என்றார். வழுக்குவதும் இழுப்பதும் வெவ்வேறு என்பதைத்தான் டிரிஃப்ட் டயர் தேர்வு முழுவதும் சுற்றிச் சுற்றி வருகிறது. உண்மையான டிரிஃப்டில் கார் பக்கவாட்டாகக் கிடந்தபடியே முன்னோக்கியும் செல்கிறது. பின்சில்லு சுழன்று புகை கிளப்பினாலும், அதே சில்லுதான் காரை வளைவின் வெளியோரத்திலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டும் வருகிறது. அமெரிக்காவின் ஃபார்முலா டிரிஃப்ட் போட்டிகளில் 1000 குதிரைவலுவை எட்டும் கார்கள் ஒட்டும் தன்மை மிகுந்த டயர்களைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால், அங்கே உள்ளவர்கள் வழுக்கலைத் தேடவில்லை, பிடிப்பைத் தேடுகிறார்கள் என்பது விளங்கும்.

இந்த இழுப்பை மூன்றில் ஆக நன்றாக உணர்த்துவது அசெட்டோ கோர்ஸாதான். இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் 2014 டிசம்பரில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. வயதாகிவிட்டது என்றாலும் டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் இன்னும் இதைக் கைவிடவில்லை. இதில் சாதாரணக் கார்களுக்கு வீதி டயர், அதைவிடப் பிடிப்பு மிகுந்த அரைவழுவழு (செமி-ஸ்லிக்) டயர் என்ற வகைகளும், சில பழைய கார்களுக்குத் தொண்ணூறுகளின் வீதி டயர் என்றொரு வகையும் உண்டு. தேர்ந்தெடுத்த வகை நான்கு சில்லுகளுக்கும் பொதுவாகப் போய்விடுவதால், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று கலக்க இடமில்லை. காற்றழுத்தத்தை மட்டும் தனித்தனியே மாற்றலாம். இது குறையாகத் தோன்றலாம். எனக்கோ இதுவே நல்ல ஆசிரியராக அமைந்தது.

ஏஈ86-இல் அரைவழுவழு டயரைப் போட்டால், 130 குதிரைவலு அதைக் குலைக்கப் போதாது. கிளச்சை உதைத்தோ ஹேண்ட்பிரேக்கை இழுத்தோ பின்பகுதியை வெளியே எறிந்தாலும், இரண்டாம் கியரில் சில கணங்களே நிற்கும். பிறகு டயர் திடீரென்று பிடித்துக்கொள்ள, கார் எதிர்ப்பக்கம் துள்ளி மதிலைத் தேடும். வீதி டயரில் அதே கார் முற்றிலும் வேறு. பிடிப்பு உச்சத்தைத் தாண்டிய பிறகு அது விழுந்துவிடாமல் சாய்வாக இறங்குவதால், எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுக்கிறோமோ அவ்வளவு கோணம் கிடைக்கிறது. காலைச் சற்றுத் தூக்கினால் கோணம் சுருங்குகிறது. ஒரு டயர் சுழல்வதற்கும் பக்கவாட்டில் பிடிப்பதற்கும் ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவழிக்கிறது; சுழற்சிக்கு அதிகம் கொடுத்தால் பக்கத்துக்கு மிச்சமில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கால் விரல்களால் உணர முடிகிற டயரே டிரிஃப்டுக்கு ஏற்ற டயர் என்பது என் கருத்து. அந்த அளவுகோலில், குறைந்த வலுவுள்ள கார்களுக்கு இந்த விளையாட்டின் வீதி டயரை மிஞ்ச ஒன்றுமில்லை.

வெப்பத்தையும் இங்கே விட்டுவிட முடியாது. திரையின் ஓரத்தில் டயரின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டும் சிறு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால், முதல் சுற்றில் மரக்கட்டை போல இருந்த பின்சில்லு இரண்டாம் மூன்றாம் சுற்றில் உயிர்பெறுவதும், விடாமல் புகைத்தால் அளவுக்கு மீறிச் சூடாகி மீண்டும் வழுவழுப்பாவதும் கண்ணுக்குத் தெரியும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றோடு தொடங்கிய டயர் 90 பாகை செல்சியஸுக்குச் சூடானால் அழுத்தம் 36 பிஎஸ்ஐயைத் தாண்டும். பாடசாலையில் படித்த வாயு விதியைப் போட்டுப் பார்த்தாலே இந்தக் கணக்கு வரும். ஆகவே குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கும் அழுத்தத்தை வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் கார் கெட்டுவிட்டது என்று புலம்புவதில் நியாயமில்லை. நான் பின்சில்லுகளின் அழுத்தத்தைச் சூடான பிறகு பார்த்துத்தான் திருத்துகிறேன். வெளி வெப்பநிலையையும் விளையாட்டிலேயே மாற்றலாம். மட்டக்களப்பின் ஒரு சாதாரண மத்தியானத்தைப் போல 32 பாகையில் வைத்தபோது டயர் சூடாக எடுக்கும் நேரம் குறைந்ததைக் கண்டேன். பாதையின் நிலையைத் 'தூசி படிந்தது' என்று வைப்பதும் ஒரு தெரிவு. கடற்கரை வீதியில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில் மோட்டார் சைக்கிளில் வளைவு திரும்பியவர்களுக்கு அந்தத் தெரிவின் அருமை உடனே விளங்கும், ஆனால் டிரிஃப்ட் பழக அது வேண்டாம். டயர் என்ன சொல்கிறது, தூசி என்ன சொல்கிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

பிறர் உருவாக்கி இலவசமாகப் பகிரும் டிரிஃப்ட் கார்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் டயரின் கணக்கை உருவாக்கியவரே எழுதுகிறார். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் வெவ்வேறு பிடிப்பை ஒளித்து வைக்க அவரால் முடியும். நான் இறக்கிப் பார்த்த ஒன்றில் முன் டயர் தார் வீதியில் பசை ஒட்டியது போலவும் பின் டயர் சவர்க்காரம் பூசியது போலவும் இருந்தன. எவர் ஓட்டினாலும் அழகாக வழுக்கும். அரை மணி நேரத்துக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அதன் பிறகு வேறு எந்தக் காரையும் ஓட்டத் தெரியாமல் போனது.

கிரான் டூரிஸ்மோ 7 இந்த விடயத்தில் வேறு வழியில் நல்லது. பொலிஃபொனி டிஜிட்டல் 2022 மார்ச் 4 அன்று வெளியிட்ட இதில், உலர்ந்த தார்ப் பாதைக்கென்று கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என்ற மூன்று குடும்பங்களும், ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட் என்ற மூன்று படிகளுமாக ஒன்பது டயர்கள் உள்ளன; கம்ஃபர்ட் ஹார்ட்டில் பிடிப்பு ஆகக் குறைவு, ரேசிங் சாஃப்டில் ஆக அதிகம். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு டயரைப் போடலாம் என்பதுதான் இங்கே பெரிய வசதி. பலரும் நான்கு சில்லுக்கும் கம்ஃபர்ட் ஹார்ட்டைப் போட்டுவிட்டுத் தொடங்குவார்கள். கார் வழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் முன்சில்லும் சேர்ந்து வழுக்குவதால், எதிர்ச்சுக்கான் பிடித்த (பின்பகுதி வழுக்கும் பக்கமாகச் சுக்கானைத் திருப்பிய) பிறகும் மூக்கு உள்ளே வராமல், முழுக் காரும் படகு போல மிதந்து வெளியோரத்துக்குப் போகும்.

இதற்கு மருந்து முன்சில்லை ஒரு படி உயர்த்துவதுதான். மாற்றங்கள் செய்யாத ஏஈ86-க்கு முன்னால் கம்ஃபர்ட் மீடியம், பின்னால் கம்ஃபர்ட் ஹார்ட் என்று வைத்தபோது கார் சுக்கானுக்குக் கட்டுப்பட்டது. மேலே நான் ஏளனம் செய்த ஆகக் குறைந்த டயரே இங்கே பின்னால் போவதைக் கவனித்திருப்பீர்கள். 130 குதிரைவலுவுக்கு அதுதான் அளவு. அதே காரின் இயந்திரத்தை மேம்படுத்தி வலுவைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிய பின், பின்னால் கம்ஃபர்ட் ஹார்ட் வெறும் புகை இயந்திரமாகிவிட்டது. வேகமானி ஏறும், கார் நகராது. பின்னால் கம்ஃபர்ட் சாஃப்டும் முன்னால் ஸ்போர்ட்ஸ் ஹார்ட்டும் போட்ட பிறகுதான் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கார் வளைவின் உள்ளே தள்ளப்படுவது திரும்பவும் கிடைத்தது. வலுவைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் பின் டயரையும் ஒரு படி கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் நான் கற்ற கணக்கு. மழை டயர்களை உலர்ந்த பாதையில் டிரிஃப்டுக்காகப் போடும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. அதை நேரவிரயம் என்பேன்.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெக்சிகோவைக் களமாகக் கொண்டு 2021-இல் வந்த இந்த விளையாட்டின் மேம்படுத்தல் கடையில் 'டிரிஃப்ட்' என்றே பெயரிட்ட டயர் வகை ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சில்லு கூடுதலாகத் திரும்ப உதவும் டிரிஃப்ட் சஸ்பென்ஷனையும் அதோடு வாங்கிப் பூட்டினால், பத்து நிமிடத்தில் எவரும் மலைப் பாதையில் பக்கவாட்டாகப் போய்விடலாம். கோணம் தானாக நிற்கிறது, பிழைகள் மன்னிக்கப்படுகின்றன. மெய்ம்மையைத் தேடுபவர் இந்த டயரைத் தவிர்த்து, அதே காருக்கு ஸ்போர்ட் டயரைப் போட்டு, முன் டயரின் அகலத்தை மட்டும் சற்றுக் கூட்டிப் பார்க்கட்டும். கார் சோம்பல் குறைந்து, பிழைக்குத் தண்டனையும் கொடுக்கத் தொடங்கும்.

சுக்கான் வைத்திருப்பவர்களுக்கு முன் டயர் பற்றிய இன்னொரு விடயம் முக்கியம். டிரிஃப்டில் முன்சில்லு கார் நகரும் திசையையே கிட்டத்தட்டப் பார்த்துக்கொண்டிருப்பதால், அதன் சறுக்கல் கோணம் சிறியது. பிடிப்பு நன்றாக உள்ள முன் டயர் அந்தத் திசையைத் தானாகவே தேடிப்போகும். கையைத் தளர்த்தினால் சுக்கான் தானாகச் சுழன்று எதிர்ப்பக்கம் போய் நிற்கும். ஜி29 900 பாகை சுழலக்கூடியது, ஆனால் அதன் மோட்டார் பெரிய பலசாலி அல்ல. முன் டயர் வழுவழுப்பாக இருந்தால் அந்தச் சுழற்சி சோர்ந்துவிடும். நாமே கையால் அள்ளி அள்ளித் திருப்ப வேண்டிவரும், ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்கு மாறும்போது எப்போதும் பிந்திவிடுவோம். சுக்கானைக் குறை சொல்லி விற்கக் கிளம்புமுன் முன் டயரை ஒரு படி உயர்த்திப் பாருங்கள்.

சுக்கானுக்குப் பதிலாகக் கேம்பேட் (கையில் பிடிக்கும் பொத்தான் கட்டுப்படுத்தி) வைத்து ஓட்டுபவர்களுக்கு என் தெரிவுகள் அப்படியே பொருந்தா. கட்டைவிரலுக்குச் சுக்கானின் இழுப்பு வந்து சேர்வதில்லை, ஆகவே டயர் திடீரென்று பிடிக்கப்போவதை முன்கூட்டி உணர வழியில்லை. அவர்கள் கிரான் டூரிஸ்மோவில் நான்கு சில்லுக்கும் கம்ஃபர்ட் ஹார்ட்டோடு தொடங்கி, ஒரே வளைவை நிறுத்தாமல் பத்துத் தடவை சுற்ற முடிந்த பிறகு முன்சில்லை மட்டும் மாற்றுவது நல்லது. கல்முனையில் இருக்கும் என் மச்சான் அப்படித்தான் தொடங்கினார். இப்போது அவர் பின்னால் கம்ஃபர்ட் சாஃப்டில் ஓட்டுகிறார், என்னைவிடக் கோணமும் அவருக்கு அதிகம் நிற்கிறது. சுக்கான் வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை.