நீண்ட ஓட்டத்துக்கு ஜெல்லா, நாட்டுச் சர்க்கரையா?

மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் எல்லோரிடமும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் வழியில் வாயில் போட என்ன எடுத்துப்போவது? நான் ஜெல்லில் தொடங்கினேன், அதாவது ஓடிக்கொண்டே கிழித்து உறிஞ்சும் கெட்டியான இனிப்புப் பாக்கெட்டில். இப்போது நாட்டுச் சர்க்கரைக் கரைசலுக்கு மாறிவிட்டேன். ஈரோட்டுக்காரன் வேறு எதைச் சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடியும் சித்தோடும் பக்கத்தில் இருப்பது வசதிதான், ஆனால் நான் மாறியதற்குக் காரணம் வயிறு.

எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்பதில் சந்தேகம் வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை, கொஞ்சம் முனைந்து ஓடினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும். 42.195 கிலோமீட்டரில் முப்பதைத் தாண்டியதும் பலருக்குக் கால் நகர மறுப்பது அதனால்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றிரண்டு ஜெல் வாங்கும் காசில் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை வந்துவிடும். சத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ஜெல்லில் 20 முதல் 30 கிராம் வரை கார்போஹைட்ரேட் இருக்கும். பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்து எடுப்பது, குடலில் குளுக்கோஸாகும்), சிலவற்றில் கூடவே ஃப்ரக்டோஸ். நாட்டுச் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குடலில் இந்த இரண்டும் வெவ்வேறு வழியாக உள்ளே போவதால் நெரிசல் குறைவு. இரும்புச்சத்து, தாதுச்சத்து என்று நாட்டுச் சர்க்கரைக்குப் பாடப்படும் பாட்டெல்லாம் மூன்று மணி நேர ஓட்டத்துக்குள் எந்த உதவியும் செய்யாது. வெள்ளைச் சர்க்கரை கலக்கிறார்கள் என்று ஆலைகளில் சோதனை நடப்பது இங்கே அடிக்கடி வரும் செய்தி. சமையலறையில் அது ஏமாற்று வேலைதான், ஓடுகிறவனுக்கு எரிபொருள் என்னவோ அதேதான்!

இப்போது வயிற்றுக்கு வருவோம். ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்குக் கிடைப்பது மிச்சம்மீதி. வெயில் ஏற ஏற அதுவும் குறையும். அந்த நேரத்தில் கெட்டியான இனிப்பு உள்ளே போனால், அதை நீர்க்கச் செய்ய உடம்பு தன்னிடமுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. உப்புசம், பிடிப்பு, புதரைத் தேடும் அவசரம் எல்லாம் அதிலிருந்து வருவதுதான். ஜெல்லோடு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான். போட்டியில் மேஜை போட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள், சரி. நான் ஓடுவது கீழ்பவானி வாய்க்கால் கரையில். ஆகஸ்ட் நடுவில் பவானிசாகரில் திறந்துவிட்டால் பக்கத்திலேயே தண்ணீர் கரை தொட்டு ஓடும், குடிக்க முடியாது. டீக்கடைக்குப் போகக் கரையை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்க வேண்டும். ஆக, ஜெல் கொண்டுபோனாலும் தண்ணீரையும் சுமந்தே தீர வேண்டும். எப்படியும் சுமக்கிற தண்ணீரிலேயே சர்க்கரையைக் கரைத்துவிட்டால் என்ன?

அரை லிட்டருக்கு 35 கிராம், கிட்டத்தட்ட ஏழு சதவீதம். ஆறிலிருந்து எட்டு சதவீதம் வரையிலான கரைசல் இரைப்பையை விட்டுச் சிரமமில்லாமல் இறங்கும். கால் டீஸ்பூன் உப்பும் அரை மூடி எலுமிச்சையும் சேர்ப்பேன். வீட்டில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். கணக்கிலும் உப்பு இதே விகிதம்தான், லிட்டருக்கு அரை டீஸ்பூன். முதல் வாய் குடிக்கும்போது உவர்ப்பாகத் தெரியும். வேர்த்து ஊற்றிய பிறகு அதே தண்ணீர் தேவாமிர்தம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடித்தால் போதும், வயிறு குலுங்காது.

பராமரிப்பு கொஞ்சம் தொல்லைதான். நாட்டுச் சர்க்கரை அடியில் மண்டி விடும், பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் பாட்டிலில் ஊற்றினால் மூடி அடைத்துக்கொள்ளும். வடிகட்டியதை மதியம் வரை விட்டுவைத்தால் புளிப்பு வாடை வந்துவிடும். சுமையைக் குறைக்கலாமென்று ஒரு பாட்டிலை மதகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் திரும்பி வந்தால், மூடியின் மரை முழுக்கக் கட்டெறும்பு. இடுப்புப் பட்டையில் இரண்டு பாட்டில் தொங்கினால் எலும்போரம் உரசிப் புண்ணாகும், குளிக்கும்போதுதான் அது எங்கே என்று தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிக் கிளம்பினால் ஓரளவு தப்பிக்கலாம்.

ஜெல்லுக்கு இந்தப் பஞ்சாயத்தெல்லாம் இல்லை. கிழித்தோமா, உறிஞ்சினோமா, போனோமா! மாதக்கணக்கில் கெடாது, அளவும் பிசகாது. என்னோடு ஓடும் நண்பர் இன்னமும் ஜெல் கட்சிதான். "ஏனுங்க, நீங்க ஓட வர்றீங்களா, பந்தல்ல மோர் ஊத்த வர்றீங்களா?" என்று என் பாட்டில்களைப் பார்த்துக் கேட்பார். அவர் வேகமும் என்னுடையதைவிட அதிகம். அந்த வேகத்தில் அரை லிட்டர் குடித்துக்கொண்டே ஓட முடியுமா என்பதை நான் சோதித்ததில்லை. குளிர்ப்பிரதேசப் போட்டிகளிலும் ஓடியதில்லை. தாகம் அவ்வளவாக எடுக்காத இடத்தில் கரைசலைக் குடித்துத் தீர்ப்பதே கஷ்டமாகலாம்.

கடலை மிட்டாய், வாழைப்பழம், பழனி பஞ்சாமிர்தம் என்று வேறு யோசனைகளும் வரும். கடலையில் கொழுப்பு அதிகம், இறங்க நேரமாகும். பஞ்சாமிர்தத்திலும் நெய் உண்டு. ஓட்டம் முடிந்து கரையில் உட்கார்ந்து சாப்பிட இவை மூன்றும் அருமை.

போட்டி நாளுக்கு மட்டும் வடிவத்தை மாற்றிக்கொள்கிறேன். அதே நாட்டுச் சர்க்கரையை உப்போடு கொஞ்சம் வெந்நீரில் கெட்டிப் பாகாக்கி, கைக்கு அடக்கமான மூக்குப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு, தண்ணீரை மேஜைகளில் வாங்கிக்கொள்வேன். இதையும் கடைசி இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களிலாவது பழகிவிட வேண்டும். கரைசலுக்குப் பழகிய வயிறு பாகையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிப் போகக் கூடாது. அதற்கும் நேரமில்லை என்பவர்கள் ஜெல்லையே வாங்கிக்கொள்ளலாம், தண்ணீர் மேஜைக்குக் கொஞ்சம் முன்னால் கிழித்தால் போதும்.