உப்புக் காற்றில் லான் கேபிளா, வைஃபையா?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்குப் புது எடிட்டிங் கம்ப்யூட்டர் வந்ததும், பழையதை ஆல்பம் வேலைக்கும் ஃபைல் சேமிக்கவும் ஒதுக்கிவிட்டோம். ஃபைல் மாற்றுவதற்கு இரண்டுக்கும் நடுவே லான் கேபிள், அதாவது நெட்வொர்க் கேபிள், இழுத்தோம். இன்றைக்கு யார் கேட்டாலும் கேபிள்தான் சொல்வேன்.

வைஃபையில் சுவரைத் துளைக்கிற வேலை இல்லை, சரி. ஆனால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால், ஃபைல் முதலில் ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து மறுபடி காற்றிலேயே அடுத்ததற்கு வர வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய கம்ப்யூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற மெதுவான வைஃபை அலைவரிசையை மட்டும் பிடிப்பதாக இருந்தால், புதியது எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. இரண்டு பக்கமும் வைஃபை 6 என்கிற புதிய தலைமுறை வைஃபை இருந்தால் நிலைமை மாறலாம். நான் அப்படி வைத்து ஓட்டியதில்லை.

கேபிளிலும் மெதுவான பக்கம் சொல்வதுதான் சட்டம். பழைய மதர்போர்டில் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) போர்ட் என்றால் விநாடிக்கு 11, 12 எம்பிக்கு (மெகாபைட்; எட்டு பிட் ஒரு பைட்) மேல் வராது. அதில் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லான் கார்டு செருகினால் 110 எம்பி வரை போகும். 100 ஜிபி கல்யாண வீடியோவுக்கு இரண்டரை மணி நேரம் எங்கே, கால் மணி நேரம் எங்கே! பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் ஈடுகொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஃபோட்டோ இருந்தால் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்புங்கள்; கட்டினால் போதும், அளவைச் சுருக்க வேண்டாம்.

இங்கே கேபிளைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் பராமரிப்புதான். எங்களுக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இது; லான் கனெக்டரை விட்டுவைக்குமா? ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எட்டுப் பின்னில் ஒன்றிரண்டு மங்கி, ஓரத்தில் பச்சை படிந்திருக்கும்.

அப்போதும் நெட் நிற்காது, அதுதான் சிக்கல். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 பின்கள். மற்ற நான்கில் ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எல்லாம் வேலை செய்யும், பத்தில் ஒரு பங்கு வேகத்தில். கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று அதன் மேல் பழி போடுவார்கள். விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் இந்தக் காற்றுக்குத் தாங்காது. இரண்டு முனையிலும் ஒரு முழம் உபரி விடுங்கள். பின் கெட்டால் நுனியை வெட்டிப் புதுக் கனெக்டரைக் கிரிம்ப் செய்துகொள்ளலாம் (கருவியால் அழுத்திப் பொருத்துவது). கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருந்தால், அதில் சும்மா இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். வைஃபைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை என்பது உண்மைதான். தினமும் வீடியோ மாற்றுகிற எங்களுக்கு இந்தப் பாடு பெரிதாகத் தெரியவில்லை.

எப்போதாவது ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு யூஎஸ்பி டிஸ்க் போதும். பழையதில் யூஎஸ்பி 2 மட்டும் இருந்தாலும் விநாடிக்கு 30 எம்பி அளவுக்குக் கிடைக்கும்.