எம்எம்பி-9: அளவை அறியவா, செயலை அறியவா?

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வகங்களுக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர்கள், திசுக்களிலுள்ள புரதங்களைச் செரிக்கும் எம்எம்பி-9 நொதியை அளக்க, எதிர்ப்பொருளால் அளக்கும் எலைசா சிறந்ததா, ஜெலட்டின் கலந்த ஜெல்லில் நொதியை ஓடவிட்டுச் செரிக்கவைக்கும் ஜெலட்டின் சைமோகிராபி சிறந்ததா என்று என்னைக் கேட்பதுண்டு. நொதி எவ்வளவு இருக்கிறது என்பதா, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதா, எது அவர்களுக்குத் தேவை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

1971இல் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசாவின் இன்றைய சாண்ட்விச் வடிவத்தில், ஓர் எதிர்ப்பொருள் நொதியைப் பிடித்துவைக்க, இன்னொன்று அதன்மேல் அமர்ந்து 450 நானோமீட்டரில் படிக்கத்தக்க நிறத்தைத் தருகிறது. 96 குழித் தட்டில் தரக்கரைசல்களுக்கு 16 குழிகளை ஒதுக்கினாலும், நாற்பது மாதிரிகளை இரட்டையாக அளந்துவிடலாம். ஆனால் பெரும்பாலான கருவித்தொகுப்புகள் செயலற்ற முன்வடிவத்தையும் செயல்படும் வடிவத்தையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகத் தருகின்றன.

சைமோகிராபியில் இரண்டும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும்: முன்வடிவம் 92 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகிலும், செயல்படும் வடிவம் ஏறக்குறைய 82 அருகிலும், நீல நிறமேற்றிய ஜெல்லில் வெண்மையாகத் தோன்றும். மிகக் குறைந்த நொதியையும் அது காட்டுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எனினும் ஜெல்லில் பயன்படும் எஸ்டிஎஸ் எனும் சலவைப்பொருள், முன்வடிவத்தை அவிழ்த்துச் செயல்பட வைப்பதுடன் டிம்ப்-1 எனும் தடுப்பானையும் நொதியிலிருந்து பிரித்துவிடுவதால், ஜெல்லில் ஜெலட்டினைச் செரித்த நொதி உடலிலும் அப்படிச் செயல்பட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஜெல்லில் பத்துப் பதினைந்து மாதிரிகளே அடங்கும். பட்டையின் அடர்த்தியிலிருந்து துல்லியமான அளவைப் பெறுவதும் கடினம்.

உண்மையான செயலை அறிய வேண்டுமானால், நொதியை எதிர்ப்பொருளால் பிடித்து, வெட்டப்பட்டால் ஒளிரும் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) வெட்டவிடும் மூன்றாவது முறையே பொருத்தமானது. அதற்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கலந்த குழாயில் எடுத்த இரத்தம் உதவாது. நொதிக்கு இன்றியமையாத துத்தநாகத்தையும் கால்சியத்தையும் ஈடிடிஏ பற்றிக்கொள்ளும்.

முறையைவிடக் குழாயின் தேர்வே பல நேரங்களில் முடிவை மாற்றுகிறது. இரத்தம் உறையும்போது வெள்ளணுக்கள் சேமித்துவைத்த எம்எம்பி-9 வெளியேறுவதால், உறைந்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் அளவு, உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவைவிட உயர்ந்து காணப்படும். இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடக் கூடாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டுப் பையை உடனே திறந்தால் குழிகளில் நீர் படியும் என்பதால், அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மாதிரிகள் இருந்தால், நான் அனைத்தையும் எலைசாவில் அளந்து, ஐயமூட்டும் சிலவற்றை மட்டும் சைமோகிராபிக்கு அனுப்புவேன்.